மேசை மேல் கிடந்த கால்

நன்றி சொல்லாமல் போனவர்களுக்கு ஸ்கெல்தார்ப் ஆஸ்பத்திரியில் இரண்டாம் முறை படுக்கை கிடையாது. யாரோ சொல்லி வைத்த பேச்சு இல்லை இது, சட்டம். பெண்கள் வார்டின் கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். தரையில் துப்பக் கூடாது, சீட்டாடக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று வரிசையாகப் போய்க் கடைசியில் இது வரும். குணமாகிப் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை கூடும் நிர்வாகக் குழுவின் முன்னால் நின்று ஆண்டவருக்கும் புரவலர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு அவரவர் ஊர்க் கோயிலிலும் அந்த நன்றி வாசிக்கப்படும். தவறினால் அதன்பிறகு எந்தக் காலத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். செத்துப்போனவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நான் அந்த வார்டில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தேன். என் பெயர் கெசையா ப்ளேட்ஸ். இப்போது வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு, படித்துவிட்டு வருகிறார்களே, அந்த மாதிரி நர்ஸ் இல்லை. தரையைத் தேய்ப்பேன், சட்டி எடுப்பேன், கஞ்சி ஊட்டுவேன், டாக்டர் அறுக்கும்போது ஆளைப் பிடித்துக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை காலையில் போகிறவர்களுக்குத் தலை வாரி, முகம் துடைத்து, குழுவின் முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவதும் என் வேலைதான். "ஆண்டவருக்கும், இந்த ஆஸ்பத்திரியின் கனம் பொருந்திய புரவலர்களுக்கும் தாழ்மையுடன் நன்றி சொல்கிறேன்." இவ்வளவுதான். ஆண்கள் வார்டுக்குக் குடல் இறங்கிய நோயோடு அடிக்கடி வரும் ஒரு கிழவர், 'கனம் பொருந்திய' என்பது வாயில் வராமல் 'கனத்துப்போன' என்றே சொல்வார். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த வயிறுகளைப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை.

டாமரிஸ் மோட்லியைக் கொண்டுவந்தது நவம்பர் மாதம். உல்ஸ்பி கிராமத்திலிருந்து, சட்டர்பியின் பண்ணை வண்டியில், வைக்கோல் மேல் கிடத்தி. இடது காலில் முழங்காலுக்குக் கீழே கோணிச் சாக்கைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். சாக்குக்குள் கால் என்று சொல்லும்படி எதுவும் மிச்சமில்லை. மேல்சட்டையும் நனைந்திருந்தது. அங்கேயும் அடிபட்டிருக்கிறது என்று நினைத்துக் கையை வைத்தேன். ரத்தம் இல்லை, பால்.

டாக்டர் மொவட் மயக்க மருந்து கொடுத்து, முழங்காலுக்கு மேலே எடுத்தார். கை சுத்தமான மனிதர். வேகமானவரும்கூட. கண் விழித்தபோது அவள் பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

"கால் எங்கக்கா?"

"எடுத்துட்டாங்கம்மா."

"எது வரைக்கும்?"

அவள் கையைப் பிடித்துப் போர்வையின் மேல் வைத்துக் காட்டினேன். விரல்கள் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தன. அழவில்லை.

"பையன் பால் குடிச்சானா?" என்று கேட்டாள்.

பையனுக்கு ஒன்பது மாதம். சைலஸ் என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையோடு சேர்த்து அவனுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் வார்டுக்குள் வரக் கூடாது. அதுவும் சுவரில் இருந்தது. டாமரிஸின் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி வைத்தோம். கால் வெட்டுப்பட்ட வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள், பால் கட்டிக்கொண்ட வலிக்குத்தான் முனகினாள். தானாக வற்றட்டும் என்று, நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரன் சொல்லிவிட்டுப் போனாள். வற்றியது.

என்ன நடந்தது என்பதை அவளாகவே ஒரு நாள் சொன்னாள். சட்டர்பியின் பண்ணையில் கதிரடிக்கும் இயந்திரம் வந்திருந்தது. மேலே தட்டில் நின்று கதிர்க்கட்டுகளின் கயிற்றை அறுத்துக் கதிரை எடுத்துக் கொடுப்பது பெண்கள் வேலை. கதிர் விழும் வாய்க்குள் இரும்புப் பற்கள் வைத்த உருளை சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வாயின் மேல் ஒரு பலகை மூடி உண்டு. மூடி இருந்தால் ஆள் தவறினாலும் உள்ளே போக மாட்டாள். ஆனால் மூடி இருந்தால் கதிரை மெதுவாகத்தான் கொடுக்க முடியும்.

"மேற்க மேகம் கறுத்துட்டு வந்துது. அந்தாளு குதிரை மேலேயே உக்காந்துட்டு, 'அத கழட்டிப் போடுங்கடா, மழைக்கு முன்னாடி முடிக்கணும்'னாரு. எஞ்சின்காரன் வேணாம்னு சொன்னான். 'உனக்குக் கூலி குடுக்கறது நானா, மூடியா?'ன்னாரு. கழட்டிட்டாங்க. தட்டுல ஈர வைக்கோல். நான் திரும்பினேன், அவ்வளவுதான்."

"எஞ்சின நிறுத்தலையா?"

"நிறுத்தினாங்க. என்னை வெளிய எடுக்கறதுக்கு. எடுத்து வண்டில போட்டதும் திருப்பி ஓட்டச் சொல்லிட்டாரு. கேட்டைத் தாண்டற வரைக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுது."

அந்தாள் எட்வின் சட்டர்பி. உல்ஸ்பியில் பாதி நிலம் அவருடைய பொறுப்பில். டாமரிஸின் புருஷன் ஜோப் அவருடைய வண்டிக்காரன். அவர்கள் குடியிருந்த வீடும் அவருடையது. வருடா வருடம் சந்தா கட்டுவதால் எங்கள் ஆஸ்பத்திரியின் புரவலர்களில் ஒருவரும் அவர்தான்.

புரவலர்கள் முறை வைத்து வாரம் ஒருவராக வார்டைப் பார்க்க வருவார்கள். சட்டர்பியின் முறை கிறிஸ்துமஸுக்கு முன் வந்தது. பூட்ஸில் சேற்றோடு படுக்கை படுக்கையாக நின்று விசாரித்துக்கொண்டே வந்தவர், டாமரிஸின் படுக்கைக்கு வந்ததும் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"என்ன டாமரிஸ், நல்லா கவனிச்சுக்கறாங்களா?"

"கவனிச்சுக்கறாங்க ஐயா."

"உனக்கு தினம் ஒரு கிளாஸ் ஒயின் குடுக்கச் சொல்லி நான்தான் குழுவுல பேசினேன். கொஞ்சம் கவனமா நின்னிருக்கணும்மா நீ. போனது போகட்டும்."

டாமரிஸ் அவரையே பார்த்தாள். "ஐயா, மூடிய மறுபடி போட்டாச்சா?"

"எந்த மூடி?" என்றார் அவர்.

நடிக்கவில்லை. அந்த ஆளுக்கு உண்மையிலேயே நினைவில்லை.

அன்று மாலை வரை டாமரிஸ் யாரோடும் பேசவில்லை. அடுத்த படுக்கையில் நீர் கோத்த உடம்போடு கிடந்த விதவை ஹெப்ஸிதான் அவளைப் பேச வைத்தாள். "ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? காலுறை பின்ற வேலை பாதி மிச்சம் உனக்கு. நான் பாரு, ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு ஒண்ணுலயும் நிக்க முடியாம கெடக்கறேன்." டாமரிஸ் சிரித்துவிட்டாள். அப்புறம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வந்த நாளிலிருந்து முதல் முறையாக அழுதாள்.

ஜனவரி முடியும்போது காயம் மூடிவிட்டது. வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார். குழுவின் செலவில் மரக்கால். உறுதியான ஆஷ் மரத்தில் கடைந்து, தொடை உட்காரும் இடத்தில் தோல் வைத்துத் தைத்து, வார்கள் போட்டு அருமையாகச் செய்திருந்தார். வார்டிலேயே ஒரு முறை கட்டிப் பார்த்தாள். படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு அடி நடந்தாள். "ஹெப்ஸி, பாருடி!" என்றாள். உடனே மேட்ரன் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை குழுவின் கையால்தான் அதை வாங்க வேண்டுமாம்.

நன்றி சொல்லும் வார்த்தைகளை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நாள் வந்தது. சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"ஆண்டவருக்குச் சொல்றேன். டாக்டருக்கும் சொல்றேன். உனக்குக் காலுல விழுந்துகூட சொல்வேன்க்கா, ஒரு காலு இருந்தா போதும்ல. ஆனா அந்தாளு மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? என் கால எடுத்தவனுக்கு நன்றியா?"

"எல்லாருக்கும் பொதுவாத்தானே சொல்ற."

"அவரு அந்த மேசையில உக்காந்திருப்பாரா, மாட்டாரா?"

உட்கார்ந்திருப்பார்.

திங்கட்கிழமை ஜோப் வந்தான். மேட்ரன்தான் ஆள் அனுப்பி வரவழைத்திருந்தாள். உயரமான, கூனிய ஆள். அவனுடைய பெரிய கைகள் எப்போதும் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். படுக்கையின் ஓரத்தில் உட்காரக்கூடப் பயந்து நின்றான்.

"ரெண்டு வார்த்தைதானேடி. சொல்லிட்டு வந்துரு. வீட்டுக்குப் போலாம்."

"ரெண்டு வார்த்தைதானே? நீ சொல்லு."

"நான் தினமும்தான் சொல்லிட்டிருக்கேன். விடியறதுக்கு முன்னாடி லாயத்துல ஆரம்பிச்சா விளக்கு வைக்கற வரைக்கும் சொல்றேன். சரிங்க ஐயா, நன்றிங்க ஐயா. என் வாய் என்ன தேஞ்சா போச்சு?"

"உன் வாய் தேயல ஜோப். என் கால் தேஞ்சு போச்சு."

அவன் தொப்பியைப் பிசைந்தான். "வீடு அவரோடது. வர்ற மே மாசம் வருசக் கூலி முடியுது, வேணாம்னு சொல்லிட்டார்னா எங்க போறது? பையன தூக்கிட்டு சாலையில நிக்கறதா? அதையும் கொஞ்சம் யோசி."

"யோசிச்சேன். படுத்துக்கிட்டு வேற என்ன வேலை எனக்கு?"

அவன் போனபின் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தலை வாரிவிட்டு ஊன்றுகோல்களைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். பச்சைத் துணி விரித்த நீள மேசை. நடுவில் தலைவர், பாதிரியார் மெட்காஃப். அவர் உல்ஸ்பியின் பாதிரியாரும்கூட, டாமரிஸுக்குத் திருமணம் செய்து வைத்தவர். அவருக்கு வலப்பக்கம் சட்டர்பி. ஓரத்தில் டாக்டர் மொவட். மேசையின் மேல் மைக்கூட்டுக்கும் ஷெர்ரி ஒயின் பாட்டிலுக்கும் நடுவில் அந்த மரக்கால் கிடந்தது.

அவளுக்கு முன்னால் இரண்டு பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் முறை வந்தது.

"சொல்லும்மா டாமரிஸ்" என்றார் பாதிரியார்.

"ஆண்டவருக்கு நன்றி. டாக்டர் மொவட்டுக்கு நன்றி. கெசையாக்காவுக்கு நன்றி." நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சாமி. நான் கடன்பட்டவங்க அவ்வளவு பேருதான்."

நாற்காலிகள் நெளிந்தன. பாதிரியார் பொறுமையாகச் சிரித்தார். "இந்தப் படுக்கை, உணவு, இதோ இந்தக் கால், இதெல்லாம் எங்கிருந்து வந்தது? புரவலர்களோட தயவால. அதுல ஒருத்தர் உன் எசமானர். அவருக்கு நன்றி சொல்றதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"அவரு கழட்டச் சொன்ன மூடி அங்கேயே இருந்திருந்தா எனக்கு இந்தப் படுக்கையும் வேணாம், இந்தக் காலும் வேணாம். என்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருந்துது."

சட்டர்பி எழுந்தார். "இது என்ன நியாயம்? நான் வண்டி குடுத்து அனுப்பினேன். ஒயினுக்குச் சொன்னேன். வேலைக்காரங்களுக்கு நல்லது செஞ்சா இதுதான் கிடைக்கும்!"

அந்த நேரத்தில் டாக்டர் மொவட் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூடியில்லாத இயந்திரங்கள் கடித்துத் துப்பிய கை கால்களை அறுவடைக்கு அறுவடை அறுத்துப் போட்டவர் அவர். அது எதனால் நடக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். நல்ல மனிதர்கள் நகம் பார்க்கும் அழகை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாதிரியார் மேட்ரனைப் பார்த்துத் தலையசைத்தார். மேட்ரன் மேசையிலிருந்து மரக்காலை எடுத்துக்கொண்டாள். அப்புறம் டாமரிஸிடம் வந்து கையை நீட்டினாள். ஊன்றுகோல்களும் ஆஸ்பத்திரிச் சொத்து.

டாமரிஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இன்னொன்றைக் கொடுக்க முடியாமல் தடுமாறினாள். நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மேட்ரன் அதையும் வாங்கிக்கொண்டாள். மாவட்டத்தின் பெரிய மனிதர்கள் ஒன்பது பேர் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். ஒற்றைக் காலில் நின்றவளை நான் தாங்கி வாசல் வரை கொண்டுவந்தேன். அங்கே ஜோப் நின்றுகொண்டிருந்தான். ஊன்றுகோல் இல்லாததைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குனிந்து முதுகைக் காட்டினான். அவள் ஏறிக்கொண்டாள். சந்தைத் தெரு வழியாக, ஊர் பார்க்க, மனைவியை மூட்டை மாதிரி முதுகில் சுமந்துகொண்டு வண்டி நிற்கும் இடத்துக்குப் போனான்.

மரக்கால், கட்டுத்துணிகளும் எலும்பு முறிவுக்குக் கட்டும் பழைய சிம்புகளும் கிடக்கும் அலமாரிக்குப் போனது. அவள் தொடை அளவுக்குக் கடைந்த கால். வேறு யாருக்குப் பொருந்தும்? தினமும் துணி எடுக்க அந்த அலமாரியைத் திறக்கிறவள் நான்தான். திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. சனிக்கிழமை அதை எடுத்துச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டேன்.

வாசல் காவலன் கேட்டான். "என்ன கெசையா, சால்வைக்குள்ள?"

"வெண்ணெய் கடையற மத்து."

"அதுக்கு எதுக்கு வாரு?"

"துள்ளி ஓடாம கட்டி வைக்க."

அவன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான். ஞாயிறு காலையில் உல்ஸ்பிக்கு நடந்தே போனேன். வழி முழுக்க உறைபனி. டாமரிஸ் அடுப்புப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில் இருந்தான். நான் சால்வையை அவிழ்த்ததும் ஜோப் கதவைச் சாத்தினான்.

"இதுக்கு உன்னை வேலைய விட்டு அனுப்பிருவாங்க" என்றான்.

"அனுப்பட்டும்."

டாமரிஸ் பாவாடையைத் தூக்கி வார்களைக் கட்டிக்கொண்டாள். தொடை உறுத்தாமல் கம்பளித் துண்டை உள்ளே திணித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "கோயிலுக்குப் போலாம்" என்றாள்.

"இன்னிக்கு வேணாம்டி. எல்லாரும் பாப்பாங்க" என்றான் ஜோப்.

"பாக்கட்டும். ஆண்டவர்கிட்ட எனக்குச் சண்டை இல்ல. அவருக்குச் சொல்றேன்னு சொன்னேன், போய்ச் சொல்லணும்."

போனோம். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன் வரிசையில் சட்டர்பி குடும்பம். பாட்டு முடிந்ததும் பாதிரியார் மெட்காஃப் ஒரு சிறு சீட்டைப் பார்த்து வாசித்தார்.

"இந்த ஊரைச் சேர்ந்த டாமரிஸ் மோட்லி, ஸ்கெல்தார்ப் ஆஸ்பத்திரியில் தான் பெற்ற குணத்துக்காக ஆண்டவருக்கும், புரவலர்களுக்கும், குறிப்பாகத் தன் எசமானர் திரு. சட்டர்பிக்கும் தாழ்மையுடன் நன்றி செலுத்த விரும்புகிறாள்."

எனக்கு முதலில் புரியவில்லை. காது தவறாகக் கேட்டதோ என்று நினைத்தேன். ஸ்கெல்தார்ப்பில் நடந்தது உல்ஸ்பியில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருக்கிறார்கள். அவள் வாயால் சொல்லாததை அவள் பெயரால் சொல்லிவிட்டார்கள்.

கல் தரையில் மரக்கால் டக்கென்று ஊன்றியது. டாமரிஸ் எழுந்து நின்றாள்.

"நான் விரும்பல சாமி."

எல்லாத் தலைகளும் திரும்பின. முன் வரிசைத் தலைகள் மட்டும் திரும்பவில்லை.

"உக்காரும்மா" என்றார் பாதிரியார்.

"என் பேர்ல பொய் சொல்லாதீங்க. செவ்வாக்கெழம உங்க முன்னாடிதானே மாட்டேன்னு சொன்னேன்? உங்க காதுலதானே சொன்னேன்? அதுக்குத்தானே ஊன்றுகோலப் புடுங்கிட்டு அனுப்பினீங்க? ஆண்டவரோட வீட்டுல நின்னுக்கிட்டு எப்படி சாமி மனசு வருது?"

"இது வழிபாட்டு நேரம்! வாயை மூடு!"

"மூடிதான் சாமி நானும் கேக்கறேன். அந்த மெஷின் வாய்க்கு ஒரு மூடி. அதக் கழட்டினவருக்கு நான் நன்றி சொல்லணுமா? ஐயா, நீங்க சொல்லுங்க. போட்டீங்களா இல்லையா?"

சட்டர்பியின் பின்கழுத்து சட்டைக் காலருக்கு மேலே சிவந்து தடித்தது. அவர் திரும்பவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து, எந்த வரிசையிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாதபடி, ஒரு குரல் வந்தது.

"இன்னும் போடல!"

அவ்வளவுதான். கோயில் அதிகாரிகள் இரண்டு பேர் வந்து டாமரிஸின் கையைப் பிடித்தார்கள். "நானே நடப்பேன், கால் இருக்கு" என்று உதறிவிட்டு நடந்தாள். வழி நெடுக அந்த டக் டக் சத்தம் கேட்டது. ஜோப் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

வழிபாட்டைக் குலைத்தது குற்றம். நீதிபதிகளின் முன் நிறுத்தினார்கள். அந்த மேடையில் உட்கார்ந்திருந்த இருவரும் சட்டர்பியோடு நரி வேட்டைக்குப் போகிறவர்கள். ஆனாலும் பெருந்தன்மை காட்டினார்கள். பாதிரியாரிடமும் எசமானரிடமும் மன்னிப்புக் கேட்டால் இத்தோடு விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். டாமரிஸ் முடியாது என்றாள். மூத்தவர் ஜோப்பைக் கூப்பிட்டார்.

"நீ அவளோட புருஷன். எடுத்துச் சொல்லு. உன் பேச்சைக் கேட்பாள்."

ஜோப் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வழக்கம்போல 'சரிங்க ஐயா' என்றுதான் சொல்வான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவள முதுகுல தூக்கிட்டுப் போனப்ப ஊரே பாத்துச்சுங்க ஐயா" என்றான். "அப்ப யாரும் மன்னிப்புக் கேக்கல. நான் ஒண்ணும் சொல்றதா இல்ல."

அபராதம், கட்டாவிட்டால் இரண்டு வாரம் சிறை என்று தீர்ப்பு வந்தது. கட்ட மாட்டேன் என்று டாமரிஸ் சொல்லிவிட்டாள். மாவட்டச் சிறையின் வாசலில் இருந்த அதிகாரி ஜோப் கையில் இருந்த சைலஸைப் பார்த்தார். கைக்குழந்தையாக இருந்தால் தாயோடு உள்ளே இருக்கலாம், அதுதான் விதி என்று சொல்லி வாங்கி அவளிடமே கொடுத்தார். பால் எப்போதோ வற்றிவிட்டது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நோயாளியாகக் கிடந்தபோது மூன்று மாதம் கண்ணில் காட்டாத பிள்ளையைக் குற்றவாளி ஆனதும் கையில் கொடுத்தார்கள். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன்.

என்னைக் கோயிலில் நடந்ததற்கு மறுநாள் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டார்கள், நற்சான்று இல்லாமல். திருட்டு வழக்குப் போட வேண்டும் என்று மேட்ரன் குதித்தாள். மரக்காலின் விலையை டாக்டர் மொவட் தன் பையிலிருந்து கட்டி அதை நிறுத்தினார். நான் படியிறங்கும்போது பின்னால் ஓடி வந்தார்.

"கெசையா, நான் பேசியிருக்கணும்."

"ஆமா டாக்டர். பேசியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் ஆறுதலாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். சொல்லவில்லை.

மே மாதம் ஜோப்புக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. க்ரிம்ஸ்பியில் புதிதாகத் துறை கட்டி, மீன்பிடிப் படகுகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. ஆட்கள் வேண்டியிருந்தது. அங்கே போனார்கள். நானும் போனேன். நற்சான்று கேட்காத ஊர் அது ஒன்றுதான். ஜோப் துறையில் மீன் பெட்டி தூக்கினான். டாமரிஸ் வீட்டில் உட்கார்ந்து வலை முடைந்தாள். நான் மாலுமிகள் தங்கும் விடுதியில் துணி துவைத்தேன். சுகமான வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். ஜோப்பின் முதுகு சீக்கிரமே வளைந்துவிட்டது. குளிர்காலத்தில் டாமரிஸுக்கு வெட்டுப்பட்ட இடம் வெடித்து ரத்தம் வரும். வார்டில் செய்ததைப் போல நான்தான் கட்டுப் போடுவேன்.

ஸ்கெல்தார்ப்பில் அந்த வருடமே நன்றி சொல்லும் சடங்கை நிறுத்திவிட்டார்கள் என்று ஹெப்ஸி சொல்லி அனுப்பினாள். 'இன்னும் போடல' என்பது சந்தை வரைக்கும் பரவிவிட்டதாம். குழுவின் முன் நிற்கிறவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்களாம். அதற்குப் பதிலாக அச்சடித்த அட்டையில் கையெழுத்தோ கீறலோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று ஜோப் சொன்னான். என்ன ஜெயித்தோம்? அட்டையிலும் அதே வார்த்தைகள்தான். இயந்திரத்துக்கு மூடி போட வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர அதன்பிறகு எத்தனையோ அறுவடைகள் ஆயின. அதற்குள் இன்னும் எத்தனை பேர் அந்த வண்டியில் வைக்கோல் மேல் படுத்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சட்டர்பி நரைத்து, கௌரவமாக, தன் கட்டிலில் செத்தார். ஆஸ்பத்திரியில் கட்டிய புதிய பெண்கள் வார்டுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அவர் பெயரை வைத்த செய்தி வந்த அன்று நாங்கள் இருவரும் அவள் வீட்டு வாசலில் வலையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சைலஸுக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது, படகுக்குப் போகத் தொடங்கிவிட்டான். நான் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவள் ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, உனக்குக் கோபமே வரலையா?"

"வருது. ஆனா உனக்கு வர்றது வேற, எனக்கு வர்றது வேறக்கா."

"அப்படி என்ன வேற?"

முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்த மேசையில வச்சு கேக்காம, அந்தக் கால சும்மா குடுத்திருந்தாங்கன்னு வையி. நான் எல்லாருக்கும் நன்றி சொல்லியிருப்பேன். அவருக்கும் சேத்துத்தான். எனக்கு என்னைத் தெரியும். வாய் நிறைய சொல்லி, அழுதுகூட இருப்பேன். மூடியப் பத்தி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அதை நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரமா வருது."

துறைப் பக்கமிருந்து படகு வந்த மணி அடித்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உருளைக்கிழங்கை அடுப்பில் வைக்க உள்ளே போனாள்.